ஒரு நாள் சிறை, அதுவும் கழிந்துவிட்டது: போலீஸ் ஓவர்டைம் மோசடிக்குத் தண்டனை எப்படி முடிவாகிறது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் காவல் துறையில் பணியாற்றிய ஒருவர், தாம் செய்யாத வேலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஓவர்டைம் சம்பளம் வாங்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நீதிபதி அவருக்கு ஒரு நாள் சிறைத் தண்டனை விதித்தார். அந்த ஒரு நாளும் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகக் கருதப்படும் என்பது அதே தீர்ப்பின் அடுத்த வரி. தண்டனை பெற்றவர் நீதிமன்றத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போனார். இப்படிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 2019ஐ ஒட்டிய மாதங்களில் அதே வழக்கு வரிசையில் பலருக்கு இதே தீர்ப்புதான் கிடைத்தது.

செய்தியைப் படித்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. கடையில் பொருள் திருடியவனைப் பிடித்து விலங்கு மாட்டும் கை, பொதுப் பணத்தைத் திருடினால் அதற்கு ஒரு நாள்தானா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் பெரும்பாலும் தீர்ப்பு எழுதிய நீதிபதியின் மேல்தான் போய் விழுந்தது. இத்தகைய வழக்குகளில் தண்டனையின் அளவு நீதிபதியின் மேசைக்கு வருவதற்கு வெகு முன்பே, யாரை விசாரிப்பது, எந்த ஆண்டைத் தணிக்கை செய்வது, எத்தனை டாலரை நிரூபிக்க முடியும் என்ற கணக்குகளில் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஓவர்டைம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்கிறது. மாநில, உள்ளாட்சி ஊழியர்களுக்கும் அது பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. காவலர்களுக்கு வாரக் கணக்குக்குப் பதிலாக 28 நாள் கணக்கு வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. அந்த 28 நாளில் 171 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் கூலி உண்டு. இது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். தொழிற்சங்க ஒப்பந்தங்கள் இதைவிடத் தாராளமாக இருப்பது வழக்கம்.

ஆகவே போலீஸ்காரர் ஓவர்டைம் வாங்குவதே தவறு என்று நினைத்துவிடக் கூடாது. இரவில் விபத்து நடந்தால், ஷிப்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. ஆள் பற்றாக்குறையும் உண்டு. வேலை செய்து வாங்கும் ஓவர்டைம் எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் அது நிர்வாகப் பிரச்சினை மட்டுமே. வேலை செய்யாமல், செய்ததாக எழுதிக்கொடுத்து வாங்கும்போதுதான் அது குற்றமாகிறது. மக்கள் பேச்சில் இவை இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒரு காவலர் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார் என்ற செய்தியும், அவர் சில ஆயிரம் டாலரைப் பொய்க் கணக்கில் எடுத்தார் என்ற செய்தியும் ஒரே பத்தியில் வரும்போது, முழுத் தொகையும் திருட்டு என்பதுபோல் மனத்தில் பதிந்துவிடுகிறது. தீர்ப்பைக் கேட்டவுடன் வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கு இந்தக் கலப்பினால் வருவது.

மாஸ்பைக்கில் நடந்தது

மாசசூசெட்ஸ் டர்ன்பைக் என்பது பாஸ்டனிலிருந்து மேற்கே நியூயார்க் மாநில எல்லை வரை சுமார் 138 மைல் நீளும் கட்டணச் சாலை. உள்ளூரில் எல்லோருக்கும் அது ‘மாஸ்பைக்’தான். ஷ்ரூஸ்பரி, வெஸ்ட்பரோ, ஃப்ரேமிங்ஹாம் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் பலர் அலுவலகத்துக்குப் போய்வரும் சாலையும் அதுவே. அந்தச் சாலையில் ரோந்து போகும் பொறுப்பு மாநிலக் காவல் துறையின் ‘ட்ரூப் இ’ என்ற பிரிவிடம் இருந்தது. அப்பிரிவினருக்கு வழக்கமான ரோந்துக்கு மேல் இரண்டு சிறப்பு ஓவர்டைம் திட்டங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘ஏர்’, விபத்தும் காயமும் குறைப்பதற்கான முயற்சி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மற்றொன்று ‘எக்ஸ் டீம்’. இரண்டின் நோக்கமும் ஒன்றுதான்: வேகமாகப் போகும் வண்டிகளைப் பிடிக்கக் கூடுதல் காவலர்களைச் சாலையில் நிறுத்தினால் விபத்து குறையும்.

2018 மார்ச்சில் துறைத் தலைவர் கெர்ரி கில்பின் ஓர் உள் தணிக்கையின் முடிவை வெளியிட்டார். 2016ஆம் ஆண்டில் மட்டும் இருபத்தொரு காவலர்கள் வராத ஷிப்டுகளுக்குச் சம்பளம் வாங்கியதாகத் தெரிகிறது என்றது அந்த அறிக்கை. தணிக்கை விரிய விரிய எண்ணிக்கையும் ஏறி 46 வரை போனது. ஆளுநர் சார்லி பேக்கரின் நிர்வாகம் அதே ஆண்டில் ட்ரூப் இ பிரிவையே கலைத்துவிட்டது.

மோசடி செய்த விதம் கவனிக்கத்தக்கது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஷிப்டுக்கு வந்தவர் வேலை செய்தார் என்பதற்கு அடையாளம், அவர் எழுதிய அபராதச் சீட்டுகள். ஷிப்டுக்கு வராதவரிடமோ, வந்த சிறிது நேரத்தில் கிளம்பிவிட்டவரிடமோ அந்தச் சீட்டுகள் இருக்காது. ஆகவே சீட்டுகள் தயாரிக்கப்பட்டன. வழக்கமான பணி நேரத்தில் எழுதிய சீட்டின் தேதியையும் நேரத்தையும் திருத்தி, ஓவர்டைம் நேரத்தில் எழுதியதுபோலக் காட்டினார்கள். எந்த ஓட்டுநரின் கையிலும் ஒருபோதும் சேராத சீட்டுகளும் கணக்கில் வந்தன. பணியில் இருப்பதாக எழுதிய நேரத்தில் சிலருடைய ரேடியோ இயங்கவேயில்லை. எட்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ரோந்து போன ஒரு காவலர், ஒருமுறைகூட ரேடியோவைத் தொடவில்லை என்றால் நம்ப முடியுமா? அரசு வழக்கறிஞர்கள் கேட்ட கேள்வியின் சாரம் அதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2016 அக்டோபரில்தான் மாஸ்பைக்கின் கட்டணச் சாவடிகள் அகற்றப்பட்டு, ஒவ்வொரு வண்டியையும் அது போகிற போக்கிலேயே படம்பிடித்துக் கட்டணம் வசூலிக்கும் மின்னணு வளைவுகள் வந்தன. சாலையில் போகும் சாதாரண ஓட்டுநர் எந்த நிமிடம் எந்த இடத்தைக் கடந்தார் என்பது அரசுக்குத் துல்லியமாகத் தெரிந்த அதே ஆண்டில், அந்தச் சாலையைக் காக்கச் சம்பளம் வாங்கியவர் அன்றைக்கு வந்தாரா என்பதுகூடத் தெரியாமல் போயிருக்கிறது.

பாஸ்டன் நகரக் காவல் துறையிலும் இதே காலத்தில் இதே வகை மோசடி நடந்ததாக வழக்கு வந்தது. 2020 செப்டம்பரில் அந்நகரின் ஒன்பது காவலர்கள், முன்னாள் காவலர்கள் மீது மத்திய அரசு குற்றம் சாட்டியது. மொத்தத் தொகை இரண்டு லட்சம் டாலருக்கு மேல். அவர்கள் வேலை செய்த இடம் வழக்குச் சான்றுப் பொருள்களை வைக்கும் கிடங்கு. பழைய பொருள்களைக் கழிக்கும் வேலைக்காக வார நாட்களில் மாலை 4 மணி முதல் 8 மணி வரை ஓவர்டைம் ஷிப்ட் இருந்தது. எட்டு மணி வரை இருந்ததாகத் தாளில் எழுதினார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே கிடங்கு ஆளில்லாமல் பூட்டப்பட்டு, அதன் அலாரமும் போடப்பட்டுவிட்டது என்பதை அந்த அலாரத்தின் பதிவே காட்டிக்கொடுத்தது என்றது அரசுத் தரப்பு. திருடன் வந்தால் சொல்வதற்காக வைத்த அலாரம் அது. வேலியே பயிரை மேய்ந்தது என்ற பழமொழி இத்தனை பொருத்தமாக வந்து உட்காரும் இடம் அபூர்வம்.

46இலிருந்து சுமார் 10

இப்போது கணக்குக்கு வருவோம். தணிக்கையில் பெயர் வந்தவர்கள் 46 பேர். அவர்களில் குற்ற வழக்கைச் சந்தித்தவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர். மத்திய அரசு வழக்கறிஞர் சிலர் மீதும், மாநில அட்டர்னி ஜெனரல் வேறு சிலர் மீதும் வழக்குத் தொடுத்தனர். மற்றவர்கள் துறை விசாரணையோடு நின்றார்கள், அல்லது பணி ஓய்வு பெற்றுப் போனார்கள். தண்டனை குறைவு என்று கோபப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கே வராதவருக்கு ஒரு நாள் சிறைகூடக் கிடையாது.

ஏன் இந்த இறக்கம்? துறை விசாரணையில் ‘அநேகமாக இவர் வரவில்லை’ என்பது போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ரேடியோ மௌனமாக இருந்தது என்பது ஆள் அங்கே இல்லை என்பதற்கு முழுச் சான்றாகாது. பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு வேகத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று ஒருவர் சொல்லலாம். நினைத்த அளவுக்குச் சீட்டு எழுதி முடித்தால் கிளம்பிவிடலாம் என்பது மேலதிகாரிகளுக்கும் தெரிந்த பழக்கம்தான் என்ற வாதமும் எதிர்த்தரப்பிலிருந்து எழுந்தது. அந்த வாதம் குற்றத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியில் நடுவர் குழுவைத் தயங்க வைக்கும். ஆகவே அரசுத் தரப்பு, பொய்ச் சீட்டு எழுதியவர்கள், பலமுறை செய்தவர்கள், சான்று தெளிவாக உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்கிறது.

பொறுக்கி எடுத்தவர்களிடமும் எல்லாத் தொகையையும் நிரூபிக்க முடிவதில்லை. சான்று தெளிவாக உள்ள ஷிப்டுகள் மட்டும்தான் குற்றப்பத்திரிகையில் ஏறும். தணிக்கை தொடங்கியது 2016ஆம் ஆண்டை வைத்துத்தான். பத்தாண்டுப் பழக்கமாக இருந்தாலும், பதிவுகள் உள்ள ஓரிரு ஆண்டுகள்தான் நீதிமன்றத்துக்கு வரும். ட்ரூப் இ வழக்குகளில் ஒவ்வொருவர் பெயரிலும் வந்த தொகை, சில ஆயிரம் டாலரிலிருந்து ஐம்பதாயிரம் டாலருக்குச் சற்று மேல் வரை இருந்தது.

இந்தத் தொகைதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி.

தண்டனை அட்டவணை

மத்திய அரசு இவர்கள் மீது பயன்படுத்திய சட்டப் பிரிவு, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் மத்திய நிதி பெறும் அமைப்பிலிருந்து ஐயாயிரம் டாலரோ அதற்கு மேலோ கையாடுவதைக் குற்றமாக்குகிறது. பிரிவின் எண் 666. அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டு. செய்தித்தாள்கள் கைதான அன்று ‘பத்து ஆண்டு வரை சிறை’ என்று எழுதுவது இதை வைத்துத்தான். அந்தப் பத்து ஆண்டு என்பது சட்டத்தின் கூரை. ஒருவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்வது வேறு ஒரு நூல்: மத்தியத் தண்டனை வழிகாட்டி விதிகள். மக்கள் மனத்தில் பத்து ஆண்டு என்று பதிந்த பிறகு ஒரு நாள் என்று தீர்ப்பு வந்தால், நடுவில் ஏதோ பேரம் நடந்திருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. கைது நாளன்றே கூரையோடு வழிகாட்டி எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த அதிர்ச்சியில் பாதி குறைந்திருக்கும்.

அந்த விதிகள் மளிகைக் கடைச் சீட்டுபோல இயங்குகின்றன. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஓர் அடிப்படைப் புள்ளி உண்டு. கையாடலுக்கு அது 6. திருடிய தொகை ஏற ஏறப் புள்ளி கூடும். 6,500 டாலரைத் தாண்டினால் 2, 15,000ஐத் தாண்டினால் 4, 40,000ஐத் தாண்டினால் 6, 95,000ஐத் தாண்டினால் 8. பொறுப்பான பதவியில் இருந்து நம்பிக்கையைக் கெடுத்தவர் என்று நீதிபதி கருதினால் இன்னும் 2. குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் 2 கழியும். கடைசியில் வரும் எண்ணை அட்டவணையில் தேடினால் இத்தனை மாதம் என்று இருக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் போடும் கணக்கு, எந்த ஒருவருடைய தீர்ப்பிலிருந்தும் எடுத்தது அன்று. ஒரு காவலர் 12,500 டாலர் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்டைம் மணிக்கு 90 டாலர் என்றால், அது ஏறக்குறைய 139 மணி நேரம், அதாவது எட்டு மணி ஷிப்டுகள் பதினேழு. வாசகரின் மனத்தில் இது பதினேழு முறை திட்டமிட்டுச் சொன்ன பொய். அட்டவணையின் கண்ணில் இது 12,500 டாலர், வேறொன்றும் இல்லை. அடிப்படை 6, தொகைக்காக 2, பதவிக்காக 2, ஒப்புதலுக்காகக் கழிவு 2, மீதி 8. முன் குற்றம் எதுவும் இல்லாதவருக்கு 8ஆம் வரிசையில் எழுதியிருப்பது 0 முதல் 6 மாதம். பூச்சியத்தையும் அட்டவணையே அனுமதிக்கிறது! ஒரு நாள் தண்டனை விதித்த நீதிபதி விதியை மீறவில்லை. விதி காட்டிய வரம்பின் கீழ் நுனியில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே கணக்கை 51,000 டாலருக்குப் போட்டால் 12 வரும். 10 முதல் 16 மாதம். ட்ரூப் இ வழக்குகளில் சுமார் 51,000 டாலர் எடுத்ததாக ஒப்புக்கொண்டவருக்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறை. அது இந்தக் கணக்கு காட்டும் வரம்புக்கும் கீழே இருக்கிறது. 2005இல் உச்ச நீதிமன்றம் இந்த விதிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்துபவை அல்ல, வழிகாட்டுபவை மட்டுமே என்று தீர்ப்பளித்த பிறகு இப்படி இறங்குவதற்கு இடம் ஏற்பட்டது. தண்டனை ‘போதுமானதாக இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது’ என்று சட்டம் சொல்கிறது; குற்றவாளியின் வாழ்க்கை, சேவை, குடும்பம், திருப்பிக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் நீதிபதி எடைபோடலாம். நீண்ட காலம் காவல் துறையில் இருந்தவரிடம் பாராட்டுச் சான்றுகள் நிறைய இருக்கும். கடிதம் எழுதித் தர ஆளும் இருக்கும். தெருவில் திருடியவனிடம் இவை இருக்காது. மக்கள் உணரும் சமமின்மை உண்மையாகவே இங்கேதான் நுழைகிறது. எந்தப் பதவி குற்றத்தைச் செய்ய வழி கொடுத்ததோ, அதே பதவி தண்டனை நாளில் நற்சான்றாகவும் வந்து நிற்கிறது. அட்டவணை அதற்கு 2 புள்ளி கூட்டுகிறது. நீதிமன்றத்தின் மென்மை அந்த இரண்டையும், அதற்கு மேலும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. இந்த ஒரு இடத்தில் மக்களின் கோபத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு.

சரி, பூச்சியமே விதிக்கலாம் என்றால் அந்த ‘ஒரு நாள்’ எதற்கு? கைதாகி, கைரேகை பதிந்து, மத்திய மார்ஷல்களின் காவலில் இருந்த அந்த நாளைத்தான் தண்டனையாகக் கணக்கிடுகிறார்கள். சிறை என்று ஒன்று விதித்தால்தான் அதன் பின்தொடர்ச்சியாக ‘மேற்பார்வையுடன் கூடிய விடுதலை’ என்பதை விதிக்க முடியும். அந்தக் காலத்தில் குற்றவாளி ஓர் அதிகாரியிடம் முறையாக ஆஜராக வேண்டும். வீட்டுக் காவலையும் நிபந்தனையாக வைக்கலாம். மீறினால் உண்மையான சிறைக்கு அனுப்பலாம். ஆகவே ஒரு நாள் என்பது கேலிக்காக எழுதிய எண் அன்று, ஒரு கொக்கி. ஆனால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது கேலியாகத்தான் தெரியும். தெரிந்தே இப்படி எழுதுகிறார்கள் என்பதில் எனக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு.

சிறைக்கு வெளியே உள்ள தண்டனை

தண்டிக்கப்பட்டவர்கள் எடுத்த பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். வேலை போய்விடும். ஆனால் பெரும் தொகை இருப்பது ஓய்வூதியத்தில். பதவியோடு தொடர்புடைய குற்றத்தில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர் ஓய்வூதியத்தை இழப்பார் என்பது மாசசூசெட்ஸ் சட்டம். தாம் கட்டிய பங்கை மட்டும் வட்டியில்லாமல் திரும்பப் பெறலாம். இருபது ஆண்டுக்கு மேல் சேவை செய்தவருக்கு அந்த இழப்பு, எடுத்த தொகையைப் போல் பல மடங்காக இருக்கக் கூடும்.

இதற்கும் ஒரு வரம்பு வந்தது. பீபடி நகரக் காவல் துறையின் லெப்டினென்ட் ஒருவர் 2004 கிறிஸ்துமஸ் அன்று, பதவி உயர்வுத் தேர்வு எழுதிய சக காவலர்களின் மதிப்பெண்களை அவர்களுடைய பெயரில் கணினியில் புகுந்து பார்த்தார். அதற்காக அவர் தண்டிக்கப்பட்டு 10,500 டாலர் அபராதம் கட்டினார். ஓய்வூதியத்தையும் பறிக்க வேண்டும் என்று ஓய்வூதிய ஆணையம் சொன்னது. அதன் மதிப்பு ஆறரை லட்சம் டாலருக்கு மேல். 2016இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், குற்றத்தின் அளவுக்கு இது மிகையான அபராதம், அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்துக்கு முரணானது என்று அந்தப் பறிப்பைத் தடுத்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஓய்வூதியப் பறிப்பிலும், குற்றம் எவ்வளவு பெரியது, இழப்பு எவ்வளவு பெரியது என்று தட்டில் வைத்து நிறுக்க வேண்டியதாயிற்று. தண்டனை போதாது என்று கோபப்படுபவர்களிடம் ஓய்வூதியம் போய்விட்டதே என்று பதில் சொல்பவர்கள், இந்தத் தராசையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விளைவு செய்திகளில் அதிகம் பேசப்படுவதில்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் காவலர் முன்பு பொய் சொன்னவர் என்று அரசுத் தரப்புக்குத் தெரிந்தால், அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1963, 1972ஆம் ஆண்டுகளின் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து வந்த விதி சொல்கிறது. அபராதச் சீட்டையே பொய்யாக எழுதிய ஒருவர் இனி எந்த வழக்கில் கூண்டேறினாலும், அவர் வாக்கு முதல் கேள்வியிலேயே உடைந்துவிடும். அவர் முன்பு எழுதிய சீட்டுகள், அவர் சாட்சியால் தண்டனை பெற்றவர்கள் என்று பின்னோக்கியும் சந்தேகம் போகும். அட்டவணையில் இந்தச் சேதத்துக்கு வரிசை கிடையாது. 12,500 டாலர் என்று எழுதிய இடத்தில் இது எங்கும் சேரவில்லை.

ஐந்து ஆண்டு கிடைத்த வழக்கு

எல்லாத் தீர்ப்பும் மென்மையானது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. மாநிலக் காவல் துறையின் போக்குவரத்துத் திட்டங்கள் பிரிவை நடத்திய லெப்டினென்ட் ஒருவரும் சார்ஜென்ட் ஒருவரும் 2020 டிசம்பரில் கைதானார்கள். சாலைப் பாதுகாப்புக்கு வந்த மத்திய நிதியில், தங்களுக்குக் கீழே இருந்தவர்களோடு சேர்ந்து, ஷிப்டுக்குத் தாமதமாக வந்தும் முன்கூட்டியே கிளம்பியும் பல ஆண்டு சம்பளம் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ட்ரூப் இ விவகாரம் வெடித்த பிறகு பதிவுகளை இயந்திரத்தில் கிழித்தும் நெருப்பில் எரித்தும் அழித்தார்கள் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. ஓவர்டைம் குற்றச்சாட்டை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு விசாரணைக்குப் போய், 2023 டிசம்பரில் நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. 2024இல் லெப்டினென்டுக்கு ஐந்து ஆண்டும் சார்ஜென்டுக்கு மூன்று ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது.

ஐந்து ஆண்டில் எல்லாமே ஓவர்டைமுக்கானது அன்று. தனியாக நடத்திய பாதுகாப்பு நிறுவனத்தின் வருமானத்தை மறைத்து வரி ஏய்த்ததையும், பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டண உதவிக்குப் பொய்த் தகவல் தந்ததையும் லெப்டினென்ட் தனியே ஒப்புக்கொண்டிருந்தார். சார்ஜென்டின் மூன்று ஆண்டுதான் நமக்கு உதவும் ஒப்பீடு. அட்டவணையை மீண்டும் எடுத்துப் பாருங்கள்: கூட்டுச் சதி என்பதால் எல்லோருடைய தொகையும் ஒன்றாகச் சேர்ந்து மேல் வரிசைக்கு ஏறுகிறது, ஒப்புதல் இல்லாததால் இரண்டு புள்ளி கழிவதில்லை, பதிவை அழித்தால் அதற்கும் புள்ளி உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் நடந்த செயல் மாஸ்பைக்கில் நடந்ததுதான். தொகையைத் தனித்தனியாக எழுதினார்களா, சேர்த்து எழுதினார்களா என்பதில்தான் ஒரு நாளுக்கும் மூன்று ஆண்டுக்கும் இடையிலான தூரத்தில் பெரும் பகுதி இருக்கிறது. ட்ரூப் இ காவலர்களை ஒவ்வொருவராகப் பிரித்து வழக்குப் போட்ட அன்றே அவர்களுடைய தீர்ப்பின் பெரும் பகுதி எழுதப்பட்டுவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

மக்களின் கோபம் வீண் போகவில்லை. ரோந்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி இயக்கி வைக்கப்பட்டது. இப்போது வண்டி எங்கே நிற்கிறது என்பது ரேடியோ மௌனத்தை வைத்து ஊகிக்க வேண்டிய விஷயமில்லை. 2020 டிசம்பரில் நிறைவேறிய காவல் சீர்திருத்தச் சட்டம், துறைக்கு வெளியே இருந்தும் ஒருவரைத் தலைவராக நியமிக்க வழி திறந்தது. செய்யாத வேலைக்கு நேரக் கணக்கு எழுதும் காவலருக்கென்று தனிப் பிரிவும் அதே சட்டத்தில் வந்தது: பொய்யாகப் பெற்ற கூலியைப் போல் மூன்று மடங்கு அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் உதாரணக் காவலருக்கு அந்த அபராதம் 37,500 டாலர் வரும். ஆனால் ஒரு செயல் நடந்த பிறகு இயற்றிய தண்டனையை அந்தச் செயலுக்கு விதிக்க அமெரிக்க அரசியல் சட்டம் இடம் தராது. ஆகவே 2016இல் மாஸ்பைக்கில் வராமல் போன ஷிப்டுகளில் ஒன்றுக்குக்கூட அது பொருந்தவில்லை.